எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை வருஷம்

புதுச்சேரியில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. வீடு எந்தப் பக்கம் மாறினாலும் ரேஷன் கார்டு இந்தப் பக்கமே இருக்க வேண்டும். எங்கள் குருசுக்குப்பத்திலிருந்து சைக்கிளை மிதித்தால் கால் மணி நேரத்தில் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது தமிழ்நாடு. நடுவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. சாராயக் கடைகள் எங்கே முடிகின்றனவோ அங்கே புதுச்சேரி முடிகிறது, அவ்வளவுதான். இங்கே வாடகைக்கு வீடு கிடைக்காதவர்கள் அங்கே போவார்கள், இரண்டு வருஷம் இருப்பார்கள், திரும்பி வருவார்கள். கார்டை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். நான் மாற்றினேன்.

அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தன் மகன் கல்யாணத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்ல, நாங்கள் கோட்டக்குப்பம் போனோம். அப்பா பெரிய மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்குகிறவர். அம்மா அங்கேயே பூக்கடையில் வேலை. எழுத்து வேலை எது வந்தாலும் வீட்டில் நான்தான். புது விலாசத்துக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று நான் ஃபாரத்தோடு உட்கார்ந்தபோது அப்பா தயங்கினார்.

“இங்க வந்தவங்க யாரும் மாத்தலையாமே பாப்பா?”

“அது தப்புப்பா. எங்க இருக்கறமோ அங்கதான் கார்டும் இருக்கணும்.”

வகுப்பு லீடராக இருந்த திமிர் எனக்கு. “நீ படிச்சவ, நீ சொன்னா சரிதான்” என்று அவர் கையெழுத்துப் போட்டார். அம்மா கடையிலிருந்து வருவதற்குள் வேலையை முடித்தோம். ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் பழைய தெருவிலேயே ஒரு வீடு கிடைத்தது. மறுபடியும் எல்லாவற்றையும் நானே மாற்றினேன். அதிலும் எனக்குப் பெருமைதான்.

பிளஸ் டூ வந்ததும் எனக்கு ஒரே ஆசை. சர்க்கார் இன்ஜினியரிங் காலேஜில் சிவில் படிக்க வேண்டும். எங்கள் கரையைக் கடல் அரித்துக்கொண்டே போக, பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதைவிட உருப்படியாக ஒன்று கட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வீட்டுத் தோழியும் நானும் ஒரே காலேஜ், ஒரே பஸ் என்று முடிவே செய்துவிட்டோம். அவள் குடும்பமும் எங்களோடுதான் கோட்டக்குப்பம் போய்த் திரும்பியது. கார்டை மட்டும் தொடவில்லை.

ஜனவரியில் பள்ளியில் சொன்னார்கள், காலேஜுக்கு மனுப்போட இருப்பிடச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று. “நீ படி, அதை நான் பாத்துக்கறேன்” என்றார் அப்பா. காலை மூட்டையை இறக்கிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். நான்கைந்து முறை போனார். நான் கேட்கும்போதெல்லாம், “ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி” என்பார். நானும் நிம்மதியாகப் படித்தேன். அந்த வருஷம் படித்ததுபோல் பிறகு எப்போதும் நான் படித்ததில்லை.

ரிசல்ட் வந்தது. வகுப்பிலேயே முதல் மார்க் எனக்கு. மனுப்போட வேண்டிய நாளில் சான்றிதழைக் கேட்டேன். அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“கெடைக்காதாம் பாப்பா. நடுவுல எங்கயும் போவாம அஞ்சு வருஷம் இங்கயே இருந்திருக்கணுமாம். கார்டு அந்தப் பக்கம் போயிட்டு வந்திருக்கே.”

“எப்போ சொன்னாங்க?”

“பொங்கல் முடிஞ்ச கையோட. அப்பவே சொல்லியிருந்தா நீ படிச்சிருப்பியா? எதனா வழி பொறக்கும்னு பாத்தேன்.”

ஐந்து மாதம் அதை அவர் நெஞ்சில் சுமந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பக்கத்து காலேஜுக்குக் கேட்டாயா என்றேன். பெண் படித்ததெல்லாம் புதுச்சேரியில்தானே என்று அவர்களும் கைவிரித்துவிட்டார்களாம். இரண்டு பக்கமும் வேண்டாத பிள்ளை ஆகிவிட்டேன். தலைக்கு ஏறிய கோபத்தில், “மூட்ட தூக்கற ஆளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது!” என்று கத்தினேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும், “எவன்யா கார்ட மாத்தச் சொன்னது?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “நான்தான்” என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அந்த நிமிஷம் அது வசதியாக இருந்தது.

தோழிக்கு அந்த காலேஜில் இடம் கிடைத்தது. என்னைவிடக் குறைந்த மார்க். அவள் மேல் பொறாமை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நான் ஒரு தனியார் காலேஜில் பி.காம். சேர்ந்தேன். படித்தேன், முடித்தேன், உப்பளம் பகுதியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலையும் கிடைத்தது. சிவில் படிக்காத ஏக்கம் மெல்ல ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை. வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அம்மா கடைசியில், “பெத்த பொண்ணு படிப்புல மண்ணள்ளிப் போட்ட ஆளுதானே நீ” என்றுதான் முடிப்பாள். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போவார். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் சித்தி வந்திருந்தாள். அவள் மகள் இப்போது பிளஸ் டூ. அவர்களும் வீடு கிடைக்காமல் கோட்டக்குப்பம் போகிறார்கள்.

“எங்க வேணா போ. கார்ட மட்டும் மாத்திடாதடி” என்றாள் அம்மா. “இந்த மனுசன் மாத்திட்டு வந்து நின்ன கதை உனக்குத் தெரியும்ல.”

“ஆமாம்மா, எனக்கு அப்போ வெவரம் பத்தல” என்று அப்பா சித்தியிடம் சொன்னார். அவருக்கு நிஜமாகவே அப்படிப் பதிந்துவிட்டதோ என்று எனக்கு பயமாக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நிமிர்ந்தேன்.

“சித்தி, அது அப்பா இல்ல…”

“பாப்பா,” என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. “போயி சித்திக்குத் தண்ணி எடுத்துட்டு வா.”

சித்தியின் கையில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. நான் எழுந்து உள்ளே போனேன்.