ரகுபதி டைரக்ட்டாகக் கொடுத்த லைன்

ரகுபதியைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. காசிமேட்டில் முப்பது வருஷமாகப் பக்கத்து வீடு. மீன்பிடி லாஞ்சில் வலை இழுக்கிற விஞ்சு எந்திரத்தை ஓட்டுகிறவர். அதன் இரும்புக் கம்பி எப்போது அறும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தத் திமிரில், கரையில் இருக்கிற கரண்டும் தன் பேச்சைக் கேட்கும் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

எங்கள் சந்தில் துணி காயப்போட யாரும் கயிறு வாங்குவதில்லை. லாஞ்சில் கழித்துப் போட்ட விஞ்சுக் கம்பிதான். ஈரப் போர்வை எத்தனை போட்டாலும் தொய்யாது. ரகுபதி வீட்டு ஜன்னல் கிரில்லிலிருந்து என் சுவரில் அடித்த கொக்கி வரைக்கும் அதைக் கட்டியபோது, மறுமுனையை முறுக்கியவன் நான்தான்.

அவர் மனைவி செல்லம்மாவுக்கு மீன் வியாபாரம். விற்காத மீனை வைக்கப் பழைய பிரீசர் ஒன்று வாங்கினாள். மழை பிடித்தால் போதும், எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அணைக்கிற டிரிப்பர் சுவிட்சு மெயின் பெட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை வஞ்சிரம் நாறிப்போயிற்று.

"இன்னாய்யா, சரக்கு மொத்தமும் கலீஜாப் பூட்ச்சு, நீ பாத்துகினு குந்திகினு கீற?" என்று அவள் கத்தியது என் வீடு வரை கேட்டது. மறுநாளே ரகுபதி டிரிப்பரைத் தாண்டி லைனை டைரக்ட்டாகக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அது விழவே இல்லை. எல்லோருக்கும் நிம்மதி.

பிரீசரின் ஒயர் ஜன்னல் கிரில்லில் உரசித் தேய்ந்துகொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசி மழை சற்று விட்ட ஒரு காலையில், செல்லம்மா தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று போர்வையைக் கம்பியில் போட்டாள். கிரில் வழியாகக் கம்பிக்கும் கரண்ட் ஏறியிருந்தது. நான் ஓடிப்போய் மெயினை அணைத்து அவளைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிரிப்பர் வேலை செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று எலக்ட்ரீஷியன் அமீருதீன் எங்கள் இருவரிடமும் தனியாகச் சொன்னார். மகள் ஜெயஸ்ரீயிடம், "மழை ஈரம், ஷாக் அடிச்சிடுச்சும்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். எனக்கும் தைரியம் இல்லை. ரகுபதி சந்தில் வீடு வீடாகப் போய்க் கம்பிகளை அவிழ்த்து நைலான் கயிறு கட்டிக் கொடுத்தார். மற்றபடி அவருக்கு எம்.கே.பி. நகரில் இருக்கிற அந்த மகள்தான் உலகம்.

போன மழையில் அவளிடமிருந்து போன் வந்தது. இருவரும் போனோம். ஜெயஸ்ரீ வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறாள். தரையெல்லாம் ஈரம். அவளுடைய குழந்தை அதில் தவழ்ந்துகொண்டிருந்தது.

"கிரைண்டர் போட்டாலே டிரிப்பர் வுழுது நைனா. ஒரே பேஜாராக் கீது. நம்ம வூட்ல டைரக்ட் குட்த்தியே, அதே மாதிரி இங்கயும் குட்த்துடு."

கிரைண்டரை ரிப்பேருக்குக் கொடுத்தால் தீர்ந்தது, உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று அவர் காதில் சொன்னேன்.

"நாளிக்கு வேற ஒண்ணுக்கு வுழும். வேற எவனாவது வந்து டைரக்ட் குட்த்துட்டுப் பூடுவான்" என்றார். குழந்தையைத் தூக்கி மகள் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு அது வுழுந்திருந்தா உங்கம்மா பொழச்சிருப்பா, ஜெயா. நான்தான் வுழ வுடாம பண்ணேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். நேராகப் போய் மெயினை அணைத்தாள். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, இவர இட்டுகினு போ" என்றாள். நைனா என்று கூடச் சொல்லவில்லை.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் போனை அவள் எடுப்பதில்லை. நான் மட்டும் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். திரும்பி வரும்போது ரகுபதி சந்து முனையில் நிற்பார்.

"டிரிப்பரு கீதா?"

"கீதுப்பா."

"கொயந்த?"

"நடக்குது."

தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். மகள் தன்னைப் பற்றிக் கேட்டாளா என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.