சுபைதா டீச்சரும் கைக்குள் அடங்கிய தூண்டில் மீனும்

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது சுபைதாவின் மகள் நஸ்ரின் போனில் கோல் எடுத்தாள். "சாச்சி, உம்மா மௌத்தாகிட்டா" என்றாள். மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொன்ன கையோடு, இறைவனுக்கு நன்றி சொல்வதுபோல அல்ஹம்துலில்லாஹ் என்றும் என் வாயில் வந்துவிட்டது. கேட்டவர்கள் தப்பாக நினைத்தால் நினைக்கட்டும். சிறுநீரகம் பழுதாகி அந்த மனுஷி பட்ட பாட்டையும், ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கைகளையும் கண்டவர்களுக்கு அது விளங்கும். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆறுதல்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் 'ஆசிரியை சுபைதா' என்று அறிவித்தார்கள். 'காகித மீன் டீச்சர்' என்று சொல்லியிருந்தால் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் பாதிப்பேர் உடனே எழுந்து வந்திருப்பார்கள். இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரிடம் கத்தரிக்கோல் பிடிக்கப் பழகியவர்கள்தானே.

எங்கள் இருவருடைய வகுப்புகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டுந்தான். இந்தப் பக்கம் நான் கணிதம் படிப்பிப்பேன். அந்தப் பக்கம் சுற்றாடல் பாடம் என்ற பெயரில் ஒரு சந்தை நடக்கும். எனக்குக் குப்பை கண்ணில் காட்டக்கூடாது. சுபைதாவின் வகுப்பிலோ பசையும் பிஸ்கட் மட்டையும் பழைய கலண்டரும் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். நான் வாசலில் நின்று முறைத்தால், "கூட்டினாப் போயிரும்கா, இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்குற?" என்பார். அந்தப் பசை என் அபாயாவில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்த நாட்களும் உண்டு.

ஒரு வருடம் ஆழ்கடல் பிராணிகளைத் தொடங்கினார். இது புலமைப்பரிசில் பரீட்சையில் வருமா என்று பெற்றோர் சிலர் அதிபரிடம் போய்க் கேட்டார்கள். கேட்பது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கமே விடாத வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ. சுபைதா அந்தப் பெற்றோரிடம், கடலுக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளை கடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பயந்தே வளரலாமா என்று திருப்பிக் கேட்டார்.

வகுப்பின் ஒரு சுவர் முழுக்கக் கடலானது. மேலே வெளிர்நீலக் காகிதம், கீழே போகப் போகக் கறுப்பு. மருதமுனைத் தறிகளில் மிஞ்சிய நூலை வாங்கி வந்து ஜெல்லி மீன்களான சொறிமுட்டைகளுக்கு வால் கட்டினார்கள். டொபித் தாளின் மினுக்கத்தில் விளக்கு மீன்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, கறுப்பு மூலையில், தூண்டில் மீன். அதை சுபைதாவே வெட்டினார். கதவளவு பெரிது, மட்டையில் பல், நெற்றியில் தொங்கும் சின்ன பல்ப். பெருமை தாங்காமல் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். நானே ஓரடி பின்னுக்குப் போனேன்.

அந்தக் கிழமைதான் ஹம்னாவின் வாப்பா மீன்பிடிக்கப் போன ஆழ்கடல் படகோடு தொடர்பு அறுந்தது. ஹம்னா சுபைதாவின் வகுப்புப் பிள்ளை, வாயாடி. கரைக்கு வந்த மற்றப் படகுக்காரர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு தடவை அவள் தலையைத் தடவி, வாப்பா வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனோம். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதில்லை. சுவருக்குப் பக்கத்தில் இருந்த தன் கதிரையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டாள்.

அதிபர் வந்து, கடலைக் கழற்றிவிடுங்கள், பிள்ளைக்கு அது வாப்பாவை ஞாபகப்படுத்தும் என்றார். கழற்ற முன்னம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்றார் சுபைதா. நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். ஹம்னா தூண்டில் மீனைக் காட்டிக் கேட்டாள்:

"டீச்சர், இது வாப்பாட போட்டுக்குக் கீழயும் இரிக்குமா?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சோக்கை வைத்துவிட்டுப் பலகை இடுக்கால் பார்த்தேன்.

"டீச்சர்தான் பிழை செஞ்சிட்டன் கிளி" என்றார் சுபைதா. "இந்த மீன் இவ்வளவு பெரிசில்ல. வடிவா இரிக்கட்டும் எண்டு நான் பெரிசா வெட்டிட்டன்."

எழுந்து போய் அந்தக் கதவளவு மீனைச் சுவரிலிருந்து கழற்றினார். கறுப்புத் தாளில் புதிதாக ஒன்று வெட்டி ஹம்னாவின் உள்ளங்கையில் வைத்தார். கையை மூடினால் வால் மட்டும் வெளியே தெரியும் அளவு. அதன் உண்மையான அளவு அதுதான். ஹம்னா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியென்றால் கடலில் பெரிதாக ஒன்றுமே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிடு சுபைதா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"இரிக்கி" என்றார். "பெரிய கணவாய் ஒண்டு இரிக்கி. இந்த வகுப்பவிட நீளம். ஆனா அது இரிக்கிறது சரியான ஆழத்தில. மேல வந்தா அதுக்கு உயிர் தாங்காது. போட் போறது மேலால."

"வாப்பா வருவாரா?"

"அது எனக்குத் தெரியா மகள். அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வாங்க, துஆ கேப்பம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓய்வறையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சின்னப் பிள்ளைக்கு வருவார் என்று ஒரு சொல் சொன்னால் உன் வாய் தேய்ந்துவிடுமா என்று கேட்டேன். சுபைதா கோபிக்கவில்லை. "மீனப் பத்தி எனக்குத் தெரியும், சொன்னன். மத்தது தெரியா. தெரியாததயும் சேத்துச் சொன்னா, தெரிஞ்சதயும் அவள் நம்பமாட்டாள்கா" என்றார். எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. ஆனால் அன்று இடைவேளையில் ஹம்னா கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டதை என் கண்ணால் கண்டேன்.

மறுநாள் முழு வகுப்பும் கடலைத் திரும்ப வெட்டியது. இந்த முறை அளந்து. என் வகுப்பில் கோடு போடும் அடிமட்டங்களெல்லாம் அந்தப் பக்கம் போயின. கூடவே நானும் போனேன். பயங்கரமாகப் பல்லைக் காட்டிய பிராணிகள் பல, பெருவிரல் அளவுக்கு வந்து நின்றன. பெரிய கணவாய் மட்டும் வகுப்புக்குள் கொள்ளவில்லை. அதன் கைகளை விறாந்தை நெடுகக் கொண்டுபோய் ஒட்டினோம். அதை ஹம்னாதான் முன்னின்று ஒட்டினாள். அவளுக்கு அதில் பயம் இருக்கவில்லை.

வாப்பாவுக்குத்தான் காத்திருந்தாள். இயந்திரம் பழுதாகி மிதந்துகொண்டிருந்த அந்தப் படகை இன்னொரு படகு கண்டு இழுத்து வருகிறது என்று ஒரு காலையில் செய்தி வந்தது. சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் அதிபர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் அழுதோம். காலடியில் கிடந்த காகிதக் குப்பை எனக்கு அன்று கண்ணில் படவே இல்லை. உடம்பு தேறியதும் அந்த மனிதர் பாடசாலைக்கு வந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு கணவாயின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நடந்தார். "நல்ல காலம், இதெல்லாம் கீழ இரிக்கி எண்டு எனக்குத் தெரியாமப் போச்சி" என்றார். சுபைதா சிரித்த சிரிப்பு அடுத்த கட்டிடத்துக்குக் கேட்டது.

சுபைதா நோயில் விழுந்த பிறகு அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: சுகமாகிவிடும். நஸ்ரின் வேறு கதைக்கு இடமே கொடுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, உம்மா அல்லவா. மௌத்துக்கு முந்திய நாள் பின்னேரம், அஸர் நேரம் நான் போனபோது அறையில் வேறு யாரும் இல்லை. "நீயும் நான் சுகமாகிருவன் எண்டுதான் சொல்லப்போறியா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாகா" என்றேன்.

"அப்பாடா" என்றார். முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே விட்டுப்போனது. "பயமா இரிக்கி" என்றார் பிறகு. எனக்கும் என்றேன். இருவரும் அழுதோம், அதற்குப் பிறகு வாய் ஓயாமல் ஊர்க்கதை கதைத்தோம். கதைத்தபடியே அவர் கண்ணயர்ந்தார்.

ஜனாஸா வீட்டில் நஸ்ரின் என்னை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகப்போவது உம்மாவுக்குத் தெரிந்திருக்குமா, தனியே பயந்துகொண்டு கிடந்திருப்பாவோ என்று கேட்டு விம்மினாள்.

"பயந்தா மகள்" என்றேன். "ஆனா தனியப் பயப்படல்ல. என்னட்டச் சொன்னா. சொன்ன பிறகு நல்லா நித்திர கொண்டா."

அவள் என் தோளில் சாய்ந்து நீண்ட மூச்சு விட்டாள். உம்மா இப்போது எப்படி இருப்பா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எனக்குத் தெரியா மகள், வாங்க துஆ கேப்பம் என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்லும் தைரியம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. சுபைதாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது.