கல் கிடந்த குழி

இந்தக் கென்யாவில் எல்லோரும் என்னைப் பார்த்து "போலே" என்கிறார்கள். கால் இடறினால் போலே, இருமினால் போலே. நம்ம சங்கரன்கோவில் பக்கம் 'போலே' என்றால் 'போடா'; அங்கே எவனாவது அப்படிச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். எழுபதுகளின் கடைசியில், நிலமளக்கும் சர்வேயராக வந்திறங்கிய முதல் வாரம் பிடிக்கவும் போனேன். வேலையாட்களின் மேஸ்திரி கியோகோ மிரண்டுபோய் மறுபடியும் "போலே, போலே" என்றார். பாவம் மனுஷன்! சுவாஹிலியில் அதற்கு, 'அடடா, உனக்கு இப்படி ஆயிற்றே' என்று அர்த்தமாம்.

நாங்கள் தொல்லியல் ஆய்வு வேலை செய்வது ரிஃப்ட் பள்ளத்தாக்கில். பூமி பிளந்து விலகிக்கொண்டிருக்கிற இடம். நடு நிலம் இறங்கி ஏரியாகி, ஏரிச்சேறும் எரிமலைச் சாம்பலும் ஆதிமனிதர் போட்டுப்போன கற்கருவிகளைப் போர்த்தி மூடியிருக்கின்றன. பிறகு பூமி அசைந்து அந்த அடுக்கையே மேலே தூக்க, மழை அரித்து வெளியே காட்டுகிறது. சிவகிரிக்கு மேற்கே நிற்கும் மலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். நிலம் நகரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இரண்டாம் வாரம் அந்த அறிவுகெட்ட வேலையைச் செய்தேன். அளவுச் சங்கிலி இழுக்க இடைஞ்சலாயிருக்கிறதே என்று, சரிவில் பாதி புதைந்து கிடந்த கற்களைப் பிடுங்கி ஓரமாகக் குவித்துவிட்டேன். மேலநீலிதநல்லூரில் எங்கள் புஞ்சையில் உழவுக்கு முன் செய்வதுதான். கை தானாகச் செய்துவிட்டது. இடம் சுத்தமாகிவிட்டதென்று பெருமை வேறு! ஆய்வுக்குத் தலைவியான வெள்ளைக்கார அம்மா வந்து பார்த்தார். அத்தனையும் கைக்கோடரிகள். லட்சக்கணக்கான வருஷம் கிடந்ததை அரைமணி நேரத்தில் கலைத்திருக்கிறேன்.

"எது எங்கே கிடந்தது என்று தெரியாவிட்டால் இவை வெறும் கற்கள்," என்றார், சத்தம்கூடப் போடாமல். "மாலைக்குள் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் நீங்கள் ஊருக்குப் புறப்படலாம்."

தெருவே திரண்டு பஸ் ஏற்றிவிட்ட நான் எந்த முகத்தோடு திரும்புவது? கியோகோ வந்து தோளைத் தொட்டு "போலே" என்றார். அழுதேவிட்டேன். குனிந்த தலையோடு தரையைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: பிடுங்கிய கல் ஒவ்வொன்றும் தன் அச்சிலேயே ஒரு குழியை விட்டிருந்தது. கியோகோ தன் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு மண்டியிட்டார். திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்த்தோம். பொழுது சாய்கையில் மூன்று கற்கள்தான் மிச்சம். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நாளை நீங்களே இவற்றை அளந்து குறியுங்கள்," என்றார். கியோகோவுக்கும், அச்சை அழிக்காமல் வைத்திருந்த அந்த மண்ணுக்கும் நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

போன லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அண்ணன் புஞ்சையில் உழுதுகொண்டிருந்தார். ஏர் முன்னால் கிடந்த கல்லைப் பிடுங்கியவன், அதன் குழியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"ஏலே, வரப்புல தூக்கிப் போடு. அங்கன கல்லு பொறுக்கத்தான சம்பளம் குடுக்கான்?"

"இல்லண்ணே, பொறுக்காம இருக்கத்தான் குடுக்கான்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கோ வரப்பில் எறியவும் கை வரவில்லை, திரும்ப வைத்தால் ஏர் நகராது. கல்லை ஏந்திக்கொண்டு நின்றேன், மாடுகள் காத்துக்கொண்டிருந்தன.