பாதித் திருப்பம்

மன்னார்குடிச் சாலையில் வண்டியை ஓரங்கட்டுகிறேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு ஒருசேர வரப்பேறுகிறார்கள்.

“என்னம்மா ஆச்சு?”

“பிளேன் திரும்புதுங்க. முடிஞ்சதும் இறங்குவோம்,” என்கிறார் மூத்தவர்.

வானம் வெறுமையாக இருக்கிறது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். கேட்டதுமே புரிகிறது, மிகவும் சாய்ந்து திரும்புகிறது. சாயும்போது இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடும். உயரம் குறையாதிருக்க மூக்கை மேலே இழுப்பார்கள். வேகம் போதாவிட்டால் இறக்கை கைவிட்டுவிடும்; மூக்கை இறக்கினால்தான் மீளும்.

“எங்கம்மா பிளேன்?”

“போன வருசம் இந்த வயல்லதாங்க விழுந்துச்சு. தினம் இதே நேரத்துக்குப் பாதி திரும்பும், சத்தம் நின்னுடும்.”

சத்தம் திணறுகிறது. என் கை தானாக, இல்லாத விமானக் கோலை முன்னே தள்ளுகிறது. “மூக்கை இறக்குடா!” என்று கத்திவிடுகிறேன்.

திணறல் அடங்கி, சத்தம் சீராகிறது. நிற்கவில்லை. பெண்கள் வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார்கள்.

“முழுசா திரும்பிடுச்சுங்களே,” என்கிறார் மூத்தவர். “இனிமே அது எங்க போகும்?”

சத்தம் தாழ்ந்து நெருங்குகிறது. வயலின் மறுகோடியிலிருந்து, நட்ட நாற்று வரிசை வரிசையாக எங்கள் பக்கம் சாய்ந்துகொண்டே வருகிறது.