கடலூரில் இருந்த நான்கு பற்கள்

என் மனைவிக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போனபோது அவளுக்கு வயது இருபத்தாறு. 1962, ஆனி மாதம், ஒரு புதன்கிழமை. இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்தே ஈறில் சீழ் கட்டிக்கொண்டிருந்தது. நெய்வேலி நகரியம் அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. பிளாக்குகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள்; எண் விழுந்த வீடுகள் சிலவற்றுக்கு இன்னும் கூரை போடவில்லை. பல்லுக்கென்று தனி டாக்டர் யாரும் வந்து சேரவில்லை. பொது மருத்துவம் பார்ப்பவர்தான் ஆடிக்கொண்டிருந்த நான்கையும் எடுத்தார். “பல்லு கட்டிக்கணும். அது இங்க ஆகாது, வெளியில பாருங்க” என்று அவர் சொன்னதில் குற்றம் எதுவும் இல்லை.

வெளியில் பார்த்தோம். பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பல் நாற்காலி இருந்தது, அதன்மேல் ஒரு பழைய போர்வை போர்த்தியிருந்தது. டாக்டர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடி போனேன். போர்வை அப்படியே இருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்வார்கள், ஆனால் ஐந்தாறு முறை போய்க் காத்திருக்க வேண்டும். இரண்டு கைக்குழந்தைகளோடு அங்கே எங்கே தங்குவது? தனியாகத் தொழில் செய்யும் டாக்டர் ஒருவருக்கு எழுதிக் கேட்டதில், என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆகும் என்று பதில் வந்தது. நான் சுரங்கத்தின் டைம் ஆபீசில், வருகைப் பதிவு பார்க்கும் தற்காலிகக் குமாஸ்தா.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவள் ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். நகரியத்துத் தொடக்கப் பள்ளிக்குத் தை மாதம் ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. நாங்கள் குடிவந்த நாள் முதல் அவள் காத்திருந்தது அதற்குத்தான். முன்பல் இல்லாமல் அவள் பேச்சில் சகரமும் தகரமும் வெறும் காற்றாக வெளியேறின. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை உரக்கப் படித்துப் பார்ப்பாள். கூடத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும். கேட்காததுபோல் பேப்பரைப் புரட்டுவேன்.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டு ஃபிட்டர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைப்போலவே இன்னும் பர்மனென்ட் ஆகாதவர்.

“இன்னா சார், அம்மா வாயில முந்தானைய வெச்சிகினேதான் பேசறாங்கன்னு எங்க வூட்ல சொல்லுது. கடலூர்ல ஒரு சீனாக்காரர் இருக்காரு, தெரியாதா?” என்றவர், சட்டென்று தன் வாய்க்குள் விரலைவிட்டு இரண்டு பற்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “மூணு வருசமா போட்டுகினு இருக்கேன். கரும்பு கடிக்கிறது, மேஸ்திரிய திட்டறது எல்லாம் இதுலதான்.”

“ரொம்பக் கேப்பாரா?”

“மெட்ராஸ்ல கேக்கறதுல கால்வாசி. அதுவும் பாதி இப்ப, பாதி பல்ல குடுக்கறப்ப.”

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு, வடலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் கடலூருக்குப் போனோம். வீட்டின் முன்னறைதான் அவருடைய வைத்திய சாலை. வாசலில் சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லும் வரைந்த போர்டு; கீழே தமிழிலும் சீனத்திலும் எழுத்து. உள்ளே பல்லைத் தேய்க்க, காலால் மிதித்து ஓட்டும் ராட்டினம் ஒன்று. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ரங்கூனில் தமிழர்கள் தெருவில் வளர்ந்தவராம். யுத்த காலத்தில் அவர்களோடு சேர்ந்து நடந்தே வந்தவராம். எங்கள் ஆபீசில் பாதிப் பேரைவிட அவர் தமிழ் நன்றாக இருந்தது.

அவர் முதலில் கேட்ட கேள்வியை வேறு எந்த டாக்டரும் எங்களிடம் கேட்டதில்லை. “இந்தப் பல்லால அம்மாவுக்கு என்ன வேலை ஆகணும்? சாப்பிடவா, பேசவா?”

“பேசணும். பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லணும்” என்றாள்.

“அப்ப பின்பக்கம் மெலிசா தேய்க்கணும். தடிச்சா நாக்கு இடிக்கும்.”

வெந்நீரில் இளக்கிய மெழுகு போன்ற ஒன்றை வாயில் வைத்து அழுத்தி அச்சு எடுத்தார். புரட்டாசி கடைசி ஞாயிறு, மெழுகில் பதித்த பற்களை வைத்துப் பார்த்தார். ஏதாவது பேசச் சொன்னார். அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை; ஆறாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிறுத்தச் சொல்லி, மெழுகைக் கொஞ்சம் சுரண்டி, மறுபடி வைத்தார். நான்காவது தடவை தகரம் சுத்தமாக வந்தது. அவளே அதைக் கேட்டு நிறுத்திவிட்டாள். “முழுசா சொல்லுங்க, பாதி வாய்ப்பாட்டோட விட்டா எப்படி” என்றார் அவர். சிரித்தோம். “வர்ற ஞாயிறு வாங்க. தீபாவளி முறுக்குக்குப் பல்லு தயாரா இருக்கும்.”

அந்த ஞாயிறு நாங்கள் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் எல்லையில் சீனாவோடு சண்டை தொடங்கிய செய்தி வந்தது. “ஒரு வாரம் பாத்துட்டுப் போகலாம்” என்றேன். அவள் சரி என்றாள். திங்கள்கிழமை ஆபீசில் ஹெட் கிளார்க் எல்லோரும் இருக்கும்போது கேட்டார்.

“என்னப்பா, உங்க வீட்டுல சீனாக்காரன் பல்லு வெக்கப் போறாங்களாமே. பாத்துக்கோ, உள்ள கம்பி வெச்சுடுவான். நீ பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்குறது பூரா பீக்கிங் ரேடியோவுல கேக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் அவர் அதை மறந்திருப்பார். எனக்குத்தான் மறக்கவில்லை. என்னைப் பர்மனென்ட் ஆக்கும் ஃபைல் போலீஸ் விசாரணைக்குப் போயிருந்தது.

அதன்பின் வந்த வாரங்களில் பிளாக் பிளாக்காக யுத்த நிதிக்கு நன்கொடை திரட்டினார்கள். என் மனைவி வளையல்களில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். கடலூர்ச் சீனர் வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதாகவும், ஊரைவிட்டு வெளியே போக அனுமதி வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன். நான் கொஞ்சம் படித்தவன். இருபது வருடத்துக்கு முன் அமெரிக்காவில், ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தார்கள் என்பதற்காகவே மனிதர்களை முகாமில் அடைத்ததைப் பற்றி நூலகத்தில் படித்து, அதைக் கண்டித்து இரண்டு பக்கம் எழுதி வைத்தவன். அதே கையால், ஐப்பசி மாதம் ஒரு காலை, டைரியில் புரட்டாசிப் பக்கங்களை எடுத்து, ‘சீனப் பல் டாக்டர்’ என்று இருந்த இரண்டு இடங்களிலும் மை பூசி அடித்தேன். பக்கத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். யார் வந்து என் டைரியைப் படிக்கப் போகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

கார்த்திகையில் ஃபிட்டர் வந்தார். அவருடைய கட்டுப் பல்லைப் பிடித்திருந்த கொக்கி ஒன்று விட்டுப்போயிருந்தது.

“நாளைக்கு ஆஃப். கடலூர் போறேன் சார். அம்மா பல்லும் அங்கியே கெடக்குதாமே. மீதிப் பணத்தக் குடுங்க, வாங்கிகினு வந்துடறேன்.”

“வேண்டாம்ப்பா. நீயும் போகாத. உன் ஃபைலும் எங்கேயோ இருக்கு.”

“எம் ஃபைலுக்கும் எம் பல்லுக்கும் இன்னா சார் இருக்குது? எவனாச்சும் கேட்டா தொறந்து காமிக்கிறேன்.”

“எங்களுக்கு வேண்டாம். பிறகு பாத்துக்கலாம்.”

அவர் என்னைத் தாண்டிக் கதவோரம் நின்ற அவளைப் பார்த்தார். அவர் போனபின், “அவர்தானே வாங்கிட்டு வரேன்னார். இல்லன்னா நானே பஸ் ஏறிப் போயிட்டு வரேனே” என்றாள். கூடாது என்றேன். காரணம் சொல்லவில்லை. ஆபீஸ் விஷயம் உனக்குப் புரியாது என்றேன். அவள் என்னைவிட அதிகம் படித்தவள்.

மறுநாள் ஃபிட்டர் போய்க் கொக்கியைச் சரிசெய்துகொண்டு வந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

தை மாதம் நேர்முகத் தேர்வுக்கு அவள் போனாள். நான் உடன் போகவில்லை, முதல் ஷிஃப்ட். நான் திரும்பி வந்தபோது அவள் அடுப்பில் உலை வைத்துவிட்டு, குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“வகுப்புல நின்னு பாடம் நடத்திக் காட்டச் சொன்னாங்க. பிள்ளைங்க சிரிச்சுதுங்க.” குழந்தையின் அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு, “அதுங்க மேல தப்பு இல்ல. விசில் மாதிரிதான் வந்துது” என்றாள்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. சான்றிதழ்களை அவள் பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே வைத்தாள். அதன்பிறகு அந்தப் பள்ளிக்கு இரண்டு முறை ஆள் எடுத்தார்கள். இரண்டு முறையும் விண்ணப்பப் படிவம் வாங்கிவந்து மேசைமேல் வைத்தேன். இரண்டும் அங்கேயே பழுப்பேறின.

பங்குனியில் பர்மனென்ட் உத்தரவு வந்தது. பட்டியலில் என் பெயருக்கு மூன்று பெயர் மேலே ஃபிட்டரின் பெயர் இருந்தது. அவருக்குக் கைகொடுத்தேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

சித்திரை இரண்டாம் ஞாயிறு கடலூருக்குப் போகலாம் என்றேன். அவள் மறுக்கவில்லை. போர்டில் சீன எழுத்து இருந்த இடத்தில் நீலப் பெயின்ட் பூசியிருந்தது. அவர் இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். அதன்மேல் எங்கள் பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் அவர் கையெழுத்தில் இருந்தன. நான்கு பற்களும் அப்படியே இருந்தன.

வாயில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஆடியது. பல் எடுத்த இடத்தில் ஈறு வற்றிக்கொண்டே போகும், இத்தனை மாதத்தில் அளவு மாறிவிட்டது, இனி இது உட்காராது என்றார். “புதுசா அச்சு எடுக்கறேன். அதுக்குத் தனியா எதுவும் தர வேண்டாம். மீதி இருக்கிறத மட்டும் குடுங்க.”

வெந்நீர் வைத்தார். மெழுகை இளக்கி அவள் வாயில் அழுத்தி, ஆடாமல் இருக்கச் சொல்லி, விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எதுவும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

“அப்ப இவளுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. காய்ச்சல். அதான் வர முடியல.”

அவள் நாற்காலியில் சாய்ந்து, வாய் நிறைய மெழுகோடு, என்னைப் பார்த்தாள்.

“அடடா” என்றார் அவர், விரலை எடுக்காமலே. “தபால்ல அனுப்பிடலாமான்னு நானும் பாத்தேன் சார். பெட்டியில வெச்சு மேல விலாசமும் எழுதிட்டேன். அப்புறம், எம் பேர் போட்ட பார்சல் கவர்மென்ட் வேலையில இருக்கிற உங்களுக்கு எதுக்குன்னு பிரிச்சுட்டேன்.”

நான் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு நிமிஷம் போலப் பிடித்திருந்துவிட்டு, அச்சை மெதுவாக அசைத்து வெளியே எடுத்தார். அவள் வாய் கொப்பளித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, முந்தானையை எடுத்துவிட்டு, வாயை மூடாமலே அவரிடம் சொன்னாள்.

“எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லீங்க. நான் நல்லாத்தான் இருந்தேன்.”

அவர் தலையசைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா விழுந்திருக்கு. அடுத்த ஞாயிறு வாங்கம்மா. நீங்க மட்டும் வந்தாலும் போதும்.”

அடுத்த இரண்டு தடவையும் அவள் தனியாகத்தான் போய்வந்தாள்.