ட்வைட்டின் வாரநாள் பெயர்

காலை எட்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே ட்வைட் லான்ஹம் தொண்டையைச் செருமித் தயாராகிவிடுவான். எட்டுக்கு முன்னால் கடனாளியைத் தொலைபேசியில் அழைப்பது குற்றம். சட்டத்தில் அவன் மதிக்கும் ஒரே வரி அது. மேசையில் ஒரு சின்னக் கண்ணாடி. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினால் குரலில் இரக்கம் சொட்டுமாம்.

கென்டக்கி மலைப்பக்கத்தில் ஆஸ்பத்திரி பாக்கி வசூலிக்கும் எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு பொய்ப்பெயர் உண்டு. இவனுக்கு 'மார்க் ஸ்டெர்லிங்'. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் உருகுகிறவனும், திங்கட்கிழமை நோயாளிகளை அழவைக்கிறவனும் வேறு வேறு ஆட்கள் என்று அவனே நம்பிவிட்டான். ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவான்; பக்கத்து மேசையிலிருந்த நானும் ரசிக்க வேண்டுமே.

அன்று சிக்கியவர் வெர்னா பக்கெட். திரையில் தொகையைத்தான் பார்ப்பான் ட்வைட், பெயரை அல்ல. பித்தப்பை அறுவை. ஆஸ்பத்திரி அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருந்தது. மயக்க மருந்து கொடுத்த டாக்டர் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த டாக்டர் தனியாக அனுப்பிய பில் நாலாயிரம் டாலர். அப்படி அனுப்பவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; எதையும் தேடிப் படித்துவிடுவேன். முந்தின வாரமே அந்தச் சட்டத்தை அச்செடுத்து ட்வைட்டிடம் கொடுத்திருந்தேன். காபிக் கோப்பைக்கு அடியில் போட்டுக்கொண்டான்.

"அம்மா, முழுசா வேணாம். நல்லெண்ணத்துக்கு அஞ்சே டாலர் கட்டுங்க, போதும்."

அந்த ஐந்தை வாங்கிவிட்டால், கடனை அவரே ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொள்ளலாம்.

"மயக்க மருந்து மூடிய மூக்குல வச்சு அமுத்துறவன்கிட்ட, 'ஐயா, நீங்க எந்தக் காப்பீடு'ன்னு கேக்கச் சொல்றியா?"

"உங்க கஷ்டம் புரியுதும்மா. கார்டு நம்பர் மட்டும் சொல்லுங்க."

பெருமூச்சு. கைப்பை திறக்கும் சத்தம். முதல் நாலு எண்களைச் சொன்னார் வெர்னா.

"ஆண்டவர் உங்கள ஆசீர்வதிப்பாரும்மா" என்று பாட்டுக்காரப் பழக்கத்தில் இழுத்தான் ட்வைட்.

எண்கள் நின்றன.

"ஏண்டா, நீ நம்ம ட்வைட்டு தானே? இருபது வருஷமா சர்ச்சுல ஆர்கன் வாசிச்சு உன் சுருதிய இழுத்துப் புடிக்கிறவடா நான். இந்த இழுவை எனக்குத் தெரியாதா? அஞ்சு காசு கெடையாது. எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்பு, எழுத்துலயே பதில் வரும்."

"நான்... மார்க் ஸ்டெர்லிங்தாம்மா பேசறேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை அவனையும் கூட்டிட்டு வா."

அந்த ஞாயிறு நானும் தேவாலயத்துக்குப் போனேன். ட்வைட் தனியாகப் பாடுகிற பாட்டையே எடுத்தார் வெர்னா. முன்னிசை முடிந்தும் பாட்டு தொடங்கவில்லை. அவனைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ட்வைட் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.