ஒரு கட்டுக் கீரையை நம்பி

பெங்களூருக்கு நாங்கள் குடிபோனது ஒரு கட்டுக் கீரையை நம்பித்தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வேலை மாற்றல், மெட்ராஸ் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எதையாவது சொல்லிவிட்டால் வம்பில்லை. சித்தப்பா கடைசிவரை ஊராரிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் சித்தி ரஷ்யாக்காரி. அந்த நாட்டை அவள் கண்ணால் பார்த்ததாக ஞாபகம்கூட இல்லை. அங்கே புரட்சி வந்தபோது அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா அம்மா சீனாவுக்கு ஓடிவந்தவர்கள். ஷாங்காயில் அப்படி ஓடிவந்தவர்கள் தெருத்தெருவாக இருந்தார்களாம். ரொட்டிக்கடை, கோயில், தையற்கடை எல்லாம் அவர்களுடையதே. அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த என் சித்தப்பா, பொத்தான் தைக்கப் போன இடத்தில் மனசையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று அம்மா கேலி செய்வாள். பெரிய யுத்தம் முடிந்து, அந்த ஊரும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போகப் போகிறது என்ற பேச்சு வந்ததும் சித்தியின் ஆட்கள் கப்பலில் இடம் கிடைத்த திக்குக்கெல்லாம் சிதறிப் போனார்கள். சித்தி மட்டும் சித்தப்பாவோடு புரசைவாக்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

எங்கள் வீட்டில் அவளை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அம்மா புடவை கட்டக் கற்றுக்கொடுத்தாள். ரசத்தைக் குடித்துவிட்டு அவள் கண் கலங்கினால் மோரை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் பேச்சுக்கு என்ன செய்வது? காக்காய்க்குச் சோறு வைக்கப் போனால் அதோடு தன் பாஷையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பாள். காக்காயும் தலையைச் சாய்த்துக் கேட்கும். நாங்கள் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரிப்போம்.

ஒருநாள் துணி தைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்வார்களே, அதற்குத் தன் பாஷையில் என்ன பெயர் என்று அவளுக்கு வரவில்லை. சித்தப்பா, நம் ஊர்த் தையற்காரர்கள் சொல்கிறபடி, "அங்குஸ்தான்" என்றார் அசட்டுத்தனமாக. சித்தி இல்லையென்று தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"ஒண்ணு போச்சு. இனிமே ஒண்ணொண்ணா எல்லாம் போகும்," என்று அம்மாவிடம் சொன்னாள். "எனக்கு நிறைய பேர் வேணாம் அக்கா. ஒரே ஒருத்தர் போதும். நல்லவங்களா இருக்க வேணாம். பைத்தியமா இருந்தாலும் சரி. நான் சொன்னா அவங்களுக்குப் புரியணும், அவ்ளோதான்."

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போய்வந்தார். வரும்போது பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்தார். நூல் நூலாக, மயில் கொண்டையைப் போல இருந்தது. மெட்ராஸில் நாங்கள் பார்த்திராத கீரை. நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று அதன் விதையைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் தெரியும். அங்கே அதற்குச் சப்பசிகே என்று பெயர். சித்தி பொட்டலத்தைப் பிரித்தாள். அப்படியே அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் நிமிரவேயில்லை.

"இதை அங்க யார் சாப்பிடறாங்க?" என்று கேட்டாள்.

"எல்லார் வீட்லயும் இதுதான்," என்றார் சித்தப்பா.

எல்லாரும் என்றால் யார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரஷ்யாக்காரர்கள் எங்கே போனாலும் இந்தக் கீரையின் விதையைத்தான் முதலில் கொண்டுபோவார்களாம். ஷாங்காயில் அவள் வீட்டு ஜன்னலில் தகர டப்பாவில் இது வளர்ந்ததாம். சூப்பிலே இது, மீனிலே இது, உருளைக்கிழங்கிலே இது. ஆகவே ஒரு ஊரில் இது கட்டுக்கட்டாக விற்கிறதென்றால் அங்கே அவளுடைய ஆட்கள் தெருத்தெருவாக இருந்தே தீரவேண்டும். தேடின மூலிகை காலில் சிக்கிவிட்டது! சித்தியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நாங்கள் பார்த்ததேயில்லை. அதைப் பார்த்த பிறகு சித்தப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் மாற்றல் கேட்டார். பெரிய ஆபீஸை விட்டு ஒரு சின்னக் கிளைக்கு, ஒரு படி கீழான வேலைக்கு. "மெட்ராஸை விட்டுட்டு அந்தச் சின்ன ஊருக்கு எவனாவது போவானாடா?" என்று அப்பா கத்தினார். கத்தி என்ன பிரயோசனம்? பிள்ளையில்லாத சித்திக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று நாலு பிள்ளைகளில் மூன்றாவதான என்னையும் அவர்களோடு ரயிலேற்றினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அல்சூரில் வீடு. பெட்டி படுக்கையைக்கூடப் பிரிக்கவில்லை, மறுநாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு சித்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே சப்பசிகே குவியல் குவியலாகக் கிடந்தது. சித்தி என் விரல் வலிக்கும்படி இறுக்கினாள். கீரைக்காரியிடம், இதை உன்னிடம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"யாரு வாங்கல? ஊரே வாங்குது," என்றாள் கீரைக்காரி. "அக்கி ரொட்டில போட்டா சக்கத்தா இருக்கும். புள்ள பெத்தவளுக்குக் குடுத்தா பால் ஊறும். எத்தினி கட்டு வேணும், சொல்லு."

சித்தி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் ஒரு நிறமான அம்மாள் ஒரேயடியாக நாலு கட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி அவள் பின்னாலேயே நடந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போனாள். அந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் வாசலில் பெரிய ரங்கோலி போட்ட ஒரு வீட்டுக்குள் போனாள். கன்னடக்கார வீடு. வெள்ளைக்காரி ஒருத்தி வாசலில் நிற்கிறாளே என்று அவளுக்கு ஒரே பதற்றம். "பன்னி, பன்னி" என்று, அதாவது வாருங்கள் என்று, உள்ளே கூப்பிட்டு, பலகை போட்டு, கல்லிலிருந்து சுடச்சுட அக்கி ரொட்டி எடுத்து வைத்தாள். அரிசி மாவு முழுக்க அந்தக் கீரை.

சித்தி ஒரு விள்ளல் வாயில் போட்டாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. அந்த அம்மாள் பதறிப்போய், "ஐயோ, காரம் ஜாஸ்தியா போச்சா?" என்று தெரிந்த தமிழில் கேட்டு வெல்லத்தை எடுத்துவந்தாள். காரம்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். நான் மூன்று ரொட்டி சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் சரி. நம்பிக்கை என்பது அவ்வளவு சுலபத்தில் சாகிற பிராணியா? ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா ஒரு ஜட்கா அமர்த்துவார். வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் தெருவெல்லாம் சுற்றுவோம். இங்கிலீஷ்காரர் ஒருவர் எங்களுக்குக் கேக் கொடுத்தார். ஒரு ஜெர்மன்காரக் கிழவர் நாயை ஏவிவிட்டார். ஜட்காக்காரர் தலைப்பாகையைச் சொறிந்துகொண்டே, "ரஷ்யாவாலாதானே வேணும் சாப்? அடுகோடி பக்கம் இருக்காங்கன்னு சொல்றாங்க ஜி, நான் காட்டறேன்," என்றார். சித்தி வண்டியிலேயே தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

அடுகோடியில் பட்டறைகளுக்கு நடுவே மாடியில் ஓர் அறை. தொழிலாளிகளின் படிப்பகம். வாசலில் சிவப்புக் கொடி. உள்ளே இருந்த இளைஞர்கள் சித்தி எந்த நாட்டுக்காரி என்று கேட்டதும் துள்ளியெழுந்தார்கள். "வாங்க தோழர், வாங்க!" என்று நாற்காலி போட்டார்கள். ஒருவர் ஓடிப்போய் டீ வாங்கிவந்தார். பாவம், அத்தனை அன்பான மனுஷர்கள். ஆனால் சித்தி சுவரில் மாட்டியிருந்த மீசைக்காரரின் படத்தைப் பார்த்துவிட்டாள். டீயைக் கையில் வாங்கியவள் தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். படியிறங்கி ஓடினாள்.

காரணத்தைச் சித்தப்பா எனக்கு வீட்டில் சொன்னார். யுத்தம் முடிந்ததும் ஷாங்காய்க்கு அந்தப் படத்து மீசைக்காரரின் ஆட்கள் சிலர் வந்து, பழசையெல்லாம் மன்னித்தாயிற்று, சொந்த நாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று இனிக்க இனிக்கப் பேசினார்களாம். சித்தியின் அண்ணன் நம்பிக் கப்பலேறினாராம். போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்றுகூட ஒரு சேதி வரவில்லை. எனக்கு அந்தப் படம் அழகாகத்தான் இருந்தது என்று நான் சொன்னேன். 

பிறகு சித்தி தேடுவதை விட்டுவிட்டாள். காக்காயோடுகூடப் பேசவில்லை. மார்ச் போய், ஏப்ரல் வந்து, ஊரில் ஈஸ்டர் முடிந்தது. சித்தியின் ஆட்களுக்குப் பஞ்சாங்கம் வேறு, ஈஸ்டர் பிந்தித்தான் வரும். என்ன தோன்றிற்றோ, ஒரு நாள் உயரமான பால்மாவு டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு என்னோடு தண்டு என்று சொல்லும் கண்டோன்மென்ட் பக்கத்துப் பேக்கரிக்கு வந்தாள். லிங்கராஜபுரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் நடத்திய கடை அது. இந்த டப்பாவுக்குள் மாவை ஊற்றி, முட்டையும் திராட்சையும் போட்டு, அவள் ஆட்கள் ஈஸ்டருக்குச் சுடும் உயர ரொட்டியைச் சுட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள்.

"அட, நீங்களுமா?" என்றார் அவர். "எங்க ஈஸ்டர் முடிஞ்ச அப்புறம் வருஷா வருஷம் ஒரு துரைசானி இதே மாதிரி டப்பா கொண்டாரும். இப்பத்தான் குடுத்துட்டுப் போச்சு. ரிச்மண்ட் டவுன்ல பியானோ சொல்லிக்குடுக்குது. யார்கிட்டயும் பேசாது."

சித்தி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, அந்தப் பேக்கரிக்காரருக்கும் தெரியவில்லை. ஒரு பன்னை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வெங்காயக் கடையில் போய்ச் சருகுத் தோலை மட்டும் பை நிறைய அள்ளிவந்தோம். வெங்காயத்தை விட்டுவிட்டுத் தோலை வாங்கிப் போகிறார்களே என்று கடைக்காரர் சிரித்தார். அந்தத் தோலில் முட்டையை வேகவைத்தால் செக்கச் செவேலென்று வரும். அந்தப் பண்டிகையன்று ஒருவர் மற்றவரைப் பார்த்ததும் "கிறிஸ்தோஸ் வஸ்க்ரேஸே" என்று சொல்லவேண்டும். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று அர்த்தம். எதிரில் இருப்பவர், "வயீஸ்தினு வஸ்க்ரேஸே", மெய்யாகவே எழுந்தார், என்று பதில் சொல்லியே ஆகவேண்டும். விரோதியாக இருந்தாலும் சொல்லவேண்டுமாம். கும்பிட்டவருக்குத் திரும்பக் கும்பிடாமல் இருப்பதுண்டா, அதுபோல. எனக்கும் அந்த இரண்டையும் உருப்போட வைத்தாள். அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று அவள் மட்டும் காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முதலில் அந்த விரல் உறையின் பெயரைத்தான் கேட்பேன் என்றாள்.

பண்டிகையன்று ரிச்மண்ட் டவுனில் அந்தப் பியானோக்காரியின் வீட்டுக் கதவைத் தட்டினோம்; அது சங்கிலி போட்டபடி நாலு விரற்கடை திறந்தது. உள்ளிருந்து ரொட்டி வாசனை வந்தது. நீலச் சால்வை போர்த்திய ஒரு கிழவி. சித்தி முட்டையை நீட்டி, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

கிழவியின் உதடு பிரிந்தது. முட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு இங்கிலீஷில், தான் பிரெஞ்சுக்காரி, தனக்கு ரஷ்ய பாஷை தெரியாது, வீடு தவறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சித்தி நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றாள். ஜன்னல் திரை லேசாக அசைந்து நின்றது. கடைசியில் நான்தான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

ஜட்காவில் எனக்கு ஒன்று உறுத்தியது. "நீ சொன்னது ரஷ்ய பாஷைன்னு நாம சொல்லவே இல்லையே சித்தி, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பயம்," என்றாள் சித்தி. "யாரோ அனுப்பி வந்திருக்கேன்னு நினைச்சிருப்பா. என் வீட்டுக்கு யாராவது இப்படி வந்து நின்னிருந்தா நானும் சாத்தியிருப்பேன்."

வழியெல்லாம் அவள் அந்த முட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வீடு வந்ததும் தோலை உரித்து, உப்பு மிளகு போட்டு எனக்குத் தின்னக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சித்தி ஆச்சரியமாக மாறிப்போனாள். தமிழ் தண்ணீர்பட்ட பாடாக வந்தது. கீரைக்காரியிடம் கன்னடமும் கலந்து பேரம் பேசினாள். சப்பசிகேயைப் பருப்பில் போட்டுக் கடைந்தாள். லீவுக்கு வந்த அம்மா, "இப்பத்தான்டி நம்ம வீட்டுப் பொண்ணாயிருக்கே," என்று அவளுக்கு நெட்டி முறித்தாள். ஊர் மாறியது நல்லதாகப் போயிற்று என்று அப்பாவே கடிதம் போட்டார். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த வருஷம் பன் வாங்கப் போனபோது அந்த உயரமான டப்பா பேக்கரி மேஜைமேல் இருந்தது. அந்த நாள் வந்துவிட்டதென்று புரிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினேன். சித்தி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் நின்று, ஒரு எழுத்துப் பிசகாமல், "கிறிஸ்தோஸ் வஸ்க்ரேஸே!" என்றேன்.

சித்தியின் கை நின்றது. உதடு பிரிந்தது. ஜன்னல் வழியே தெருவை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "என்னம்மா சொல்றே? எனக்கு அந்த பாஷையெல்லாம் தெரியாதே," என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டுக் குனிந்து கீரையை ஆய ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரே பெருமை. விரல் உறையின் பெயர் போனதுபோல இதுவும் அவளுக்குப் போய்விட்டது, எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது! முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் ஓடிப்போய், "சித்தி ரஷ்ய பாஷையையே மறந்துட்டா!" என்று கூவினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேப்பரை மடியில் போட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மெள்ளப் பேசும்மா," என்றார். மறந்துபோனது வெளியே தெரிந்தால் சித்திக்கு வெட்கமாக இருக்கும், அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.